டிலீட் பொத்தான் எதை அழிக்கிறது, எதை விட்டுவைக்கிறது?

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் அதற்கு முன்பிருந்தே கைமாறத் தொடங்கிவிட்டன. சென்னையில் அவை போய்ச் சேரும் இடங்கள் தெரிந்தவைதான்: ரிச்சி ஸ்ட்ரீட்டின் செகண்ட் ஹேண்ட் கடைகள், எக்ஸ்சேஞ்ச் சலுகை தரும் ஷோரூம்கள், தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர்க்காரர், இல்லையென்றால் கல்லூரியில் சேரப்போகும் உறவுக்காரப் பிள்ளை. கணினியோடு சேர்ந்து ஆதார் நகல், பட்டா ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டுப் படங்கள் எல்லாமும் போகின்றனவா என்பதே கேள்வி. "எல்லாத்தையும் டிலீட் பண்ணி, ஃபார்மேட்டும் போட்டாச்சு" என்பது வழக்கமான பதில். டிலீட்டும் ஃபார்மேட்டும் பெரும்பாலும் டேட்டாவைத் தொடுவதே இல்லை.

இது புதிய கவலையும் அல்ல. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், பழைய சந்தையில் வாங்கிய 158 ஹார்ட் டிஸ்க்குகளைப் பரிசோதித்து முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

டிலீட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் அது கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். பதிவுகள் சேர்ந்த பட்டியலுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். ஒரு பதிவு பொதுவாக 1 கேபி. டேட்டா கிடக்கும் ஒரு கட்டம் பொதுவாக 4 கேபி.

டிலீட் அழுத்தினால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அது வெறும் இடமாற்றம். எங்கே இருந்தது, எப்போது நீக்கப்பட்டது என்ற குறிப்புகூடப் பக்கத்திலேயே எழுதிவைக்கப்படுகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலோ, ஷிஃப்ட்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தினாலோ அந்தப் பதிவில் 'பயன்பாட்டில் இல்லை' என்ற குறி விழுகிறது, அதன் கட்டங்கள் 'காலி' என்று மாறுகின்றன. டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசலில் டு-லெட் பலகை தொங்கவிட்டாயிற்று, பழைய குடித்தனக்காரரின் சாமான்கள் உள்ளேயே கிடக்கின்றன. அடுத்தவர் குடிவந்தால்தான் அவை வெளியே போகும். அந்த அடுத்தவர் பத்து நிமிடத்தில் வரலாம், மூன்று ஆண்டுகள் வராமலும் போகலாம்.

குவிக் ஃபார்மேட்டும் இதே கதைதான்: புதிய காலிப் பட்டியல் ஒன்று எழுதப்படும், அவ்வளவே. அந்த 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் பழுதான இடங்களைத் தேடிப் பார்த்ததோடு சரி. 'ஃபார்மேட் போதும்', 'போதாது' என்று இரண்டு கட்சிகள் இன்றும் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால், டிஸ்க்கின் பெயருக்குக் கீழே சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். இதைப் பார்க்காமல், மீட்க முடியாதபடி அழிப்பதாகச் சொல்லும் எந்த 'ஷ்ரெடர்' புரோகிராமையும் ஓட்ட வேண்டாம். ஒன்றுக்குச் சரியான வழி இன்னொன்றுக்கு வீண்.

ஹார்ட் டிஸ்க்: ஒரு முறை போதும்

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே இடத்தின் மேல் மறுபடி எழுத முடியும், எழுதியதும் பழையது போய்விடும். எத்தனை முறை எழுத வேண்டும் என்பதில்தான் கட்டுக்கதைகள் அதிகம். பல மென்பொருள்களில் '35 முறை' என்றொரு தேர்வு இருக்கிறது. அது பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பயன்படுத்திய பல்வேறு குறியீட்டு முறைகள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-உம் தேவையில்லை என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தினார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரு முறை மேலெழுதினாலே மீட்க முடியாது என்கிறது.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 முதல் 150 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்கை ஒரு முறை எழுத இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் மூன்று, நான்கு நாள். இடையில் ஒரு மின்வெட்டு போதும், முதலிலிருந்து ஆரம்பிக்க.

விண்டோஸிலேயே இருக்கும் கருவிகள் இரண்டு. கீழே தமிழில் இருக்கும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள்.

1. சைஃபர்: 'சைஃபர்', ஒரு இடைவெளி, சாய்கோடு, 'டபிள்யூ' எழுத்து, முக்காற்புள்ளி, பிறகு டிரைவின் எழுத்தும் இன்னொரு முக்காற்புள்ளியும். இருக்கும் ஃபைல்களைத் தொடாமல் காலி இடத்தை மட்டும் மூன்று சுற்று எழுதும்: முதலில் பூஜ்யங்கள், அடுத்து ஒன்றுகள், கடைசியில் தாறுமாறான எண்கள். கணினியை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இது.

2. டிஸ்க்பார்ட்: இதற்குள் போய் 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க்' என்று எண்ணைக் கொடுத்து, 'கிளீன் ஆல்' என்றால் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதப்படும். 'ஆல்' இல்லாத வெறும் 'கிளீன்' பகுதிப் பிரிவுகளை மட்டும் நீக்கும், டேட்டா அப்படியே இருக்கும். இன்னொரு ஆபத்து எண் மாறிப்போவது. டிஸ்க் 0-வா 1-ஆ என்று அளவை வைத்துச் சரிபார்க்காமல் என்டர் தட்டினால் பேக்கப் டிஸ்க்கே போய்விடும். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது நல்லது.

சிறு குறை ஒன்று உண்டு. காலி இடத்தைத் துடைக்கும் கருவிகள் உள்ளடக்கத்தை அழித்தாலும், பழைய ஃபைல்களின் பெயர்கள் பட்டியலில் மிஞ்சலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் வரும் எஸ்டிலீட் என்ற அழிப்பான் இதைத் தன் குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. 'கடன் தீர்ப்பு ஒப்பந்தம்' என்ற பெயர் மட்டும் தெரிந்தாலே சங்கடம் என்றால் முழு டிஸ்க்கையும் துடைப்பதுதான் வழி.

எஸ்எஸ்டி: 'மேலே எழுது' என்பதே அங்கே இல்லை

குழப்பம் அதிகம் இருக்கும் இடம் இதுதான். எஸ்எஸ்டியில் டேட்டா சிறு பக்கங்களாக எழுதப்படுகிறது. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாக மட்டுமே நடக்கும். எழுதப்பட்ட பக்கத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. ஆகவே ஒரு ஃபைலை நீங்கள் 'மேலெழுதினால்', உள்ளிருக்கும் கன்ட்ரோலர் புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டு, 'இனி இந்த முகவரி அங்கே' என்று தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்கிறது. பழையது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். சில்லுகள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகக் கன்ட்ரோலர் தானாகவும் டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். வெளியே காட்டும் கொள்ளளவுக்கு மேல் ஒளித்துவைத்த உபரி இடமும் உண்டு. விண்டோஸால் அதை எட்டவே முடியாது.

2011-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்எஸ்டி சில்லுகளையே நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். தனி ஃபைலை அழிக்கும் முறைகள் எதுவும் நம்பத்தக்கதாக இல்லை. அழித்துவிட்டதாகச் சொன்ன ஒரு டிரைவில் டேட்டா அப்படியே இருந்ததையும் கண்டார்கள். ஆப்பிள் தன் மேக்கில் நெடுங்காலம் வைத்திருந்த 'பாதுகாப்பாகக் குப்பையைக் காலி செய்' வசதியை 2015-இல் எடுத்துவிட்டதும், ஃபிளாஷ் சேமிப்பில் அதற்கு உத்தரவாதம் தர முடியாது என்பதால்தான்.

இன்னொரு பக்கம், டிரிம் என்ற ஏற்பாடு நமக்குச் சாதகம். ஃபைல் நீங்கியதும் 'இந்தக் கட்டங்கள் இனித் தேவையில்லை' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். விண்டோஸ் 7 முதல் இது உண்டு. அதற்குப் பிறகு அந்த முகவரியைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தையே தரும். சாதாரண மீட்பு மென்பொருளால் எதுவும் செய்ய முடியாது. தவறுதலாக நீக்கிய கல்யாண வீடியோ எஸ்எஸ்டியிலிருந்து கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

ஆனால் பென் டிரைவ், மெமரி கார்டு, யூஎஸ்பி பெட்டியில் போட்ட எஸ்எஸ்டி ஆகியவற்றில் டிரிம் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போகும் பென் டிரைவில் ஆதார் பிடிஎஃப்பை நீக்கிவிட்டதாக நினைப்பது ஏமாற்று. பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்; உங்களைத் தெரிந்த எவருக்கும் அது தெரியும்.

எஸ்எஸ்டியைத் துடைக்கச் சரியான வழிகள் இரண்டு:

1. டிரைவுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளை. எஸ்எஸ்டி கணினியோடு இணையும் விதத்தில் இரண்டு வகை உண்டு: சாட்டா வகையில் கட்டளையின் பெயர் செக்யூர் இரேஸ், என்விஎம்இ வகையில் ஃபார்மேட் அல்லது சானிடைஸ். டெல், ஹெச்பி, லெனோவோவின் அலுவலக மாடல்கள் பலவற்றில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் மெனுவிலேயே இது கிடைக்கும். சாம்சங் மெஜிஷியன், குரூஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ் போன்ற தயாரிப்பாளர் மென்பொருள்களிலும் உண்டு. டிஸ்க் துடைக்கும் பழைய டிபேன் சிடியை எஸ்எஸ்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்தது.

2. குறியாக்கம் செய்துவிட்டுச் சாவியை அழிப்பது. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் போட்ட பிறகு எழுதியவை எந்த மூலையில் கிடந்தாலும், சாவி இல்லாமல் அவை அர்த்தமற்ற எண்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கரும், ஹோமில் கணினி ஏற்றுக்கொண்டால் 'டிவைஸ் என்கிரிப்ஷனும்' இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள். பிட்லாக்கர் ஒரு கேள்வி கேட்கும்: பயன்பாட்டிலுள்ள இடம் மட்டுமா, முழு டிரைவுமா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணினி என்றால் முழு டிரைவைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதைத் தேர்ந்தால், முன்பே டிலீட் செய்தவை குறியாக்கம் இல்லாமல் காலி இடத்தில் நின்றுவிடும். மீட்பு விசையை அச்செடுத்து வேறிடத்தில் வைப்பதும் அவசியம். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு அதைக் கேட்டு நிற்கும் கணினிகள் ஏராளம்.

புதுக் கணினி வாங்கிய முதல் நாளே குறியாக்கம் போட்டுவிடுவது, கடைசி நாளில் எந்தத் துடைப்பானைத் தேடுவதையும் விட மேல்.

ஒரு ஃபைலுக்கு எத்தனை பிரதி

ஒரு ஃபைலை ஒழுங்காக அழித்தாலும் அதன் பிரதிகள் வேறெங்கோ இருக்கலாம். பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் குறித்துவைக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டுகளின் நிழல் நகல்கள், படங்களின் சிறு உருவங்களைச் சேமிக்கும் தம்ப்நெய்ல் கேஷ், நினைவகத்தில் இருந்ததை அப்படியே டிஸ்க்கில் கொட்டிவைக்கும் ஹைபர்நேஷன் ஃபைல், வேர்டு தானாகச் சேமித்த நகல், மெயிலில் வந்த இணைப்பின் தற்காலிகப் பிரதி. மேகத்திலும் தேட வேண்டும்: கூகுள் டிரைவ், தனிநபர் ஒன்டிரைவ் இரண்டின் குப்பைத் தொட்டியிலும் ஃபைல் 30 நாள் தங்கும். ஒரு ஃபைலை மட்டும் தடயமில்லாமல் அழிப்பது, முழு டிஸ்க்கை அழிப்பதைவிடக் கடினம்.

புரோகிராம் நீங்கியும் நிற்கும் மிச்சங்கள்

அன்இன்ஸ்டால் செய்த பிறகும் ஃபோல்டர்கள் இருப்பதைப் பார்த்து, ஏதோ தில்லுமுல்லு என்று எண்ணத் தேவையில்லை. பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. இன்ஸ்டாலர் தான் வைத்ததையே பட்டியலிட்டு வைத்திருக்கும், அதையே எடுக்கும். புரோகிராம் ஓடும்போது உருவான அமைப்புகள், லாக், கேஷ் அந்தப் பட்டியலில் இல்லை. பயனரின் டேட்டாவை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர் தன் கணக்குகள் காணோம் என்று அலறக்கூடாதே. குரோமை நீக்கும்போது 'உலாவல் விவரங்களையும் நீக்கு' என்றொரு கட்டம் வருகிறது. அதில் டிக் போடாவிட்டால் ஹிஸ்டரி, குக்கி, சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் பயனர் ஃபோல்டரில் தங்கிவிடும். அவுட்லுக்கின் பிஎஸ்டி, ஓஎஸ்டி ஃபைல்களும் அப்படியே: ஆஃபீஸ் போன பிறகும் பத்து ஆண்டு மெயில் அங்கேயே இருக்கும்.

நீக்கும் வரிசை:

1. ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள்.

2. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஐகானிலிருந்தும் புரோகிராமை மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை விண்டோஸ் நீக்க விடாது. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் ரிசோர்ஸ் மானிட்டரின் 'சிபியூ' பகுதியில், 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' பெட்டியில் ஃபைலின் பெயரைத் தேடுங்கள்.

3. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' வழியாக நீக்குங்கள். முதலிலேயே புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை நேரடியாக டிலீட் செய்வதுதான் பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம். அன்இன்ஸ்டாலரும் அதோடு போய்விடும், பின்னணியில் ஓடும் சர்வீஸும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலுள்ள பதிவும் அநாதையாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அதே பதிப்பை மறுபடி நிறுவி, முறையாக நீக்குவதே சுலபம்.

4. ரீஸ்டார்ட். பயன்பாட்டில் இருந்த ஃபைல்களை அடுத்த பூட்டில் நீக்கும்படி விண்டோஸ் குறித்துவைத்திருக்கும். அதற்கு முன் மிச்சம் தேடுவது வீண் வேலை.

5. இப்போது தேடுங்கள்: இரண்டு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்கள், மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா, பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் மூன்றும். கணினியில் இரண்டு பேருக்குக் கணக்கு இருந்தால் இருவரின் ஆப்டேட்டாவையும் பார்க்க வேண்டும்.

6. விண்டோஸோடு தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும், சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸை ஓட்டுங்கள். மஞ்சளில் தெரிபவை, சுட்டப்படும் ஃபைல் இல்லாத பதிவுகள். டிக்கை மட்டும் எடுத்து ஒரு வாரம் பாருங்கள். தொல்லை இல்லையென்றால் நீக்கலாம்.

7. ரெஜிஸ்ட்ரியில் அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள கிளையை மட்டும், எக்ஸ்போர்ட் செய்துவைத்துக்கொண்டு நீக்கலாம். நீக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

கடைசி வரியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் செத்த பதிவுகள் கணினியைக் குறிப்பிடும்படி மெதுவாக்குவதில்லை. சில கேபி இடம், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. துடைப்பான் என்று நம்பி இறக்கியதே ஓட்டையான கதையும் உண்டு: 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்தினார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. மிச்சம் தேட உதவி வேண்டுமென்றால், எதை நீக்கப்போகிறது என்று முதலில் காட்டிவிட்டு நீக்கும் ரெவோ அன்இன்ஸ்டாலரோ, திறந்த மூல நிரலான பல்க் கிராப் அன்இன்ஸ்டாலரோ பரவாயில்லை. காட்டுவதைப் படிக்காமல் 'செலக்ட் ஆல்' கொடுத்தால் அவையும் ஆபத்துதான்.

ஆன்டிவைரஸ் தனி ரகம். டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் போய்வரும் டேட்டாவை இடைமறித்துப் பார்க்க, அது விண்டோஸுக்குள் ஃபில்டர் டிரைவர்களைச் செருகி வைத்திருக்கும். டிரைவர் ஃபைல் போய், அதைக் கூப்பிடும் ரெஜிஸ்ட்ரி வரி மட்டும் நின்றால் இணையம் அறுந்துபோகலாம். மெக்கஃபி, நார்டன், காஸ்பர்ஸ்கை, அவாஸ்ட் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிறுவனமே நீக்கும் கருவி தருகிறது. அதையே பயன்படுத்துங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. பட்டியலில் ஏழெட்டு தடவை வரும் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' பார்க்க நகல் போலிருக்கும். ஒவ்வொரு ஆண்டுப் பதிப்பையும் வேறு வேறு புரோகிராம்கள் நம்பியிருக்கின்றன. விண்டோஸுக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டர் பல ஜிபி அடைத்தாலும் கை வைக்க வேண்டாம், அது இல்லாமல் பின்னாளில் பல புரோகிராம்களைச் சரிசெய்யவோ நீக்கவோ முடியாமல் போகும். அதே இடத்திலுள்ள 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டரும் அப்படியே.

கைமாற்றும் முன்

1. வேண்டியதை வேறு டிஸ்க்கில் எடுத்து, அங்கே திறந்து பாருங்கள். நகல் எடுத்ததாக நினைத்து ஷார்ட்கட்டை மட்டும் எடுத்தவர்கள் உண்டு.

2. எஸ்எஸ்டி குறியாக்கம் இல்லாமல் இருந்தால், முழு டிரைவுக்கும் இப்போதே போட்டு முடியவிடுங்கள்.

3. மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். உரிமத்தோடு ஓடும் கணக்குப்பதிவு, வடிவமைப்பு மென்பொருள்களின் உரிமத்தையும் விடுவியுங்கள். விடுவிக்காவிட்டால் பிறகு அவை புதுக் கணினியில் ஏறாமல் போகலாம்.

4. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் திஸ் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்த பிறகு 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்ற சிறு எழுத்தைத் தட்டி, 'கிளீன் டேட்டா'வை இயக்குங்கள். பலர் தவறவிடுவது இந்த ஒரு தட்டலைத்தான். ஹார்ட் டிஸ்க்கில் இது சில மணி நேரம் ஓடும். சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.

டியூஷன் சென்டர், கிளினிக், ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களில் உள்ளே இருப்பது பிறருடைய விவரங்கள். தேவை முடிந்த தனிநபர் தரவை அழிக்கும் கடமையை 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அங்கே 'கிளீன் டேட்டா'வோடு நிற்காமல் டிரைவின் சொந்த அழிப்புக் கட்டளையையும் ஓட்டி, தேதியோடு குறித்து வைப்பது நல்லது.

நனைந்ததும் செத்ததும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்து வீடுகளில் மூழ்கிய கணினிகள் ஏராளம். 'தண்ணி போயிடுச்சு, இனி எதுவும் இருக்காது' என்று தூக்கிப் போடுவது தவறு. தண்ணீர் காந்தப் பதிவை அழிப்பதில்லை. சர்க்யூட் போர்டை மாற்றி, தட்டுகளைச் சுத்தம் செய்து மீட்பவர்கள் இருக்கிறார்கள். ஆன் ஆகாத டிஸ்க்கை மென்பொருளால் துடைக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும்.

3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம். டிரில்லால் தட்டுகளை ஊடுருவி மூன்று, நான்கு துளை போடலாம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறித் தெறிக்கும்; கண்ணுக்குக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள். எஸ்எஸ்டியில் நடுவில் ஒரு துளை போட்டால் ஏமாறுவீர்கள். டேட்டா இருப்பது கறுப்புச் சில்லுகளில். 80 மிமீ நீள எம்.2 கார்டில் அவை ஒன்றோ நான்கோ, பின்பக்கத்திலும் இருக்கலாம். ஒவ்வொன்றும் உடைய வேண்டும். காந்தத்தால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. உடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

துடைத்தது துடைந்ததா

வேலை செய்யும் டிஸ்க்கை ஒப்படைக்கும் முன், அதில் மீட்பு மென்பொருள்களான ரெக்குவாவையோ ஃபோட்டோரெக்கையோ ஓட்டி ஆழ்ந்த தேடலைக் கொடுங்கள். ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்க்காமல் ஒவ்வொரு ஃபைல் வகையின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளக் குறியை வைத்துத் தேடுவதால், சோதனைக்கு அதுவே கடுமையானது. மீட்டதை எழுத வேறு டிஸ்க்கைக் கொடுக்க மறக்காதீர்கள். விண்டோஸின் சொந்த ஐகான்களும் வால்பேப்பர்களும் வந்தால் கவலை இல்லை, அவை ரீசெட்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை. உங்கள் வீட்டு முகம் ஒன்று எட்டிப் பார்த்தாலும் துடைப்பு முடியவில்லை. மேலே உங்கள் டிஸ்க் வகைக்குச் சொன்ன இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.